முறை வண்டியும் இரண்டு கல்லும்

எட்டு வயதில் நான் முழு மனதோடு நம்பியது இது: மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு எங்கள் காருக்குள் நான் உட்கார்ந்திருந்தால், அந்த நொடியிலிருந்து நான் பெரியப்பாவின் மகன். அப்பாவுக்கு என் மேல் பாத்தியதை கிடையாது. அம்மா என்னைப் பார்க்க வேண்டுமென்றால் பெரியம்மாவிடம் கேட்டுக்கொண்டுதான் வர வேண்டும்.

சிரிக்கிறவர்கள் சிரித்து முடியுங்கள், காத்திருக்கிறேன். நம் பள்ளி வாட்சப் குழுவில் போன வாரம் ஒருவர் படம் போட்டிருந்தார். பழைய கார் வைத்திருப்பவர்கள் கூட்டமாக ஆழியாறு போகிறார்களாம். ஒரே மாதிரி சட்டை, மேலிருந்து படம் பிடிக்க ட்ரோன். 'நம்ம காலத்து வண்டி, நம்ம காலத்து அன்பு, நீயும் வாடா மாப்பிள்ளை' என்று அடியில் ஒரு வரி. ஆளாளுக்குக் கைகூப்பியிருந்தீர்கள். நம் காலத்து வண்டி எனக்குத் தெரியும். நம் காலத்து அன்பும் தெரியும். இரண்டுக்கும் பிரேக் கிடையாது. வரவில்லை என்று பதில் போட்டேன். 'ஏன், பயமா?' என்று கேட்டீர்கள். ஆமாம், பயம்தான். ஏனென்று சொல்கிறேன்.

என் அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்துக்கொண்டபோது எனக்கு ஆறு வயது. பிரிப்பதற்கு முன் அவர்கள் எப்படிப் பேசிக்கொண்டார்கள் என்று நினைவில்லை. பிரித்த பிறகு பேசிக்கொள்ளவே இல்லை என்பது நன்றாக நினைவிருக்கிறது. பீளமேட்டைத் தாண்டி, மில் சங்கு காதில் விழுகிற தூரத்தில் எங்கள் தோட்டம். நிலத்துக்கு நடுவே வேலி வந்தது. வீட்டுக்கு நடுவே சுவர் வந்தது. அன்றிலிருந்து பெரியப்பா வடக்கூட்டுக்காரர், அப்பா தெக்கூட்டுக்காரர். நடுவில் வெட்ட முடியாமல் நின்றவை கிணறும் காரும்தான்.

கிணற்றுக்கு முறை வைத்தார்கள். சங்கு ஊதினால் ஒருவர் மடையை அடைக்க வேண்டும், மற்றவர் திறந்துகொள்ளலாம். அதில் ஒரு சட்டம் உண்டு. சங்கு ஊதும்போது வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தாலும் அது அடுத்த முறைக்காரருக்குச் சொந்தம். மோட்டார் ஓட்டி இறைத்தது யார் என்ற பேச்சே கிடையாது. அப்பா இறைத்த தண்ணீர் எங்கள் மிளகாய்ப் பாத்தி வாய் வரை வந்துவிட்டு, சங்கு கேட்டதும் திரும்பிப் பெரியப்பாவின் கரும்புக்குள் போவதை நானே பார்த்திருக்கிறேன். அப்பா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்று அதை வழியனுப்பிவைப்பார்.

காருக்கும் ஊர்ப் பெரியவர்கள் அதே முறையைப் பேசி முடித்தார்கள். ஒரு வாரம் இவர், ஒரு வாரம் அவர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சங்கு ஊதும்போது வண்டி கை மாற வேண்டும். கிணற்றுக்குச் சொன்னதை அப்படியே காருக்கும் சொல்லிவிட்டு வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து போனார்கள். மிச்சத்தை என் மூளை யோசித்தது. வாய்க்காலில் இருக்கிற தண்ணீர் அடுத்தவருக்கு என்றால், வண்டிக்குள் இருக்கிற பையன்?

வண்டி என்னவோ நல்ல வண்டி. எஸ்டேட்டை விட்டுப் போன ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து தாத்தா வாங்கியது. பாலேடு நிறம், கறுப்பு மட்கார்டு. திரும்புவதற்கு விளக்கு எரியாது. கதவோரத் தூணிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்னக் கை வெளியே நீளும். சீட்டுக்குள் தேங்காய் நார். வெயிலில் நின்ற வண்டியில் டவுசரோடு உட்கார்ந்தால் ரெக்ஸின் தொடையைக் கவ்விக்கொள்ளும், எழுந்தால் தோலைக் கேட்கும். உள்ளே பெட்ரோலும் திருநீறும் கலந்த ஒரு வாசனை. அந்த வாசனை இன்று எங்காவது அடித்தால் என் கை தானாகக் கதவின் கைப்பிடியைத் தேடும்.

கைப்பிடி இருக்காது. அதுதான் விஷயம். அந்த வண்டியில் எது கெட்டாலும் யாரும் சரி செய்வதில்லை. சரி செய்தால் அடுத்த வாரம் எதிராளி சொகுசாகப் போவாரே. செல்ஃப் போனது, முன்னால் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்றிக் கிளப்பினார்கள். கதவுகளின் உள் கைப்பிடி ஒவ்வொன்றாகக் கழன்றது, கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே விட்டுத் திறந்தார்கள். கண்ணாடி இறக்கும் கைப்பிடிகளும் போய்க் கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. வேண்டிய கதவுக்கு அதைக் கழற்றி மாட்டிக்கொள்ள வேண்டும். அதன் குமிழ் தேய்ந்து, சப்பிய புளிப்பு மிட்டாய் மாதிரி இருக்கும்.

ஹேண்ட் பிரேக்கும் போனது. கியரில் போட்டு நிறுத்தலாமே என்று இங்கே ஒரு இன்ஜினியர் கேட்பார். நிறுத்தினார்கள். ஒருநாள் வண்டி கியரில் இருப்பது தெரியாமல் பெரியப்பா முன்னால் நின்று சுற்ற, வண்டி அவர் மேலேயே ஏறப் பார்த்தது. வேண்டுமென்றேதான் கியரில் விட்டான் என்று அவர் சொன்னார். அப்பா மறுக்கவில்லை. அதிலிருந்து கியரில் விடுவது இல்லை, சக்கரத்துக்குக் கல் வைப்பது.

அதற்கு ஒரு கல் போதும். எங்களிடம் இரண்டு இருந்தன. அப்பாவுடையது சதுரமாகக் கொத்திய கருங்கல். பெரியப்பாவுடையது உடைந்த ஆட்டுரலின் பாதி. முறை மாறும்போது கொடுக்கிறவர் தன் கல்லை எடுத்துக்கொள்வார். வாங்குகிறவர் டேங்குக்குள் குச்சி விட்டுப் பெட்ரோல் அளவு பார்ப்பார், டயரை உதைத்துப் பார்ப்பார், ஏதாவது குறை சொல்லுவார், எல்லாம் முடிந்து தன் கல்லை வைப்பார். வைத்தால்தான் ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். எங்கள் களம் சமதளம். எடுப்பதற்கும் வைப்பதற்கும் நடுவே எவ்வளவு நேரம் ஓடினாலும் வண்டி ஓடாது. அப்பா அதுவரை கல்லைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

கோயமுத்தூரில் பழைய வண்டி வைத்திருந்த ஏழெட்டுப் பேர் அப்போது ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். தலைவர் ஒரு பாய், டவுன்ஹால் பக்கம் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்தவர். எனக்கு எட்டு வயதான கோடையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் குடும்பத்தோடு ஆழியாறு அணைக்குப் போய்விட்டு வரலாம் என்று முடிவானது. அன்றைக்குத்தான் எங்கள் வண்டிக்கு முறை மாறும் நாள். வண்டி யாருடையது என்று அண்ணனும் தம்பியும் தனித்தனியாகப் பாயின் கடைக்குப் போய் முறையிட, பாய் தீர்ப்புச் சொன்னார்: போகும்போது தம்பி ஓட்டட்டும், மத்தியானம் அங்கேயே கை மாற்றிக்கொள்ளட்டும், வரும்போது அண்ணன் ஓட்டட்டும்.

அப்பா உடனே ஒப்புக்கொண்டது அம்மாவுக்கே சந்தேகமாக இருந்தது.

"போறதுக்குச் சரிங்க. வாரதுக்கு?" என்றாள்.

"வாரதுக்கும் நம்ம வண்டிதான்."

"பன்னெண்டு மணிக்கு முறை மாறுதில்லீங்க?"

"சங்கு ஊதுனாத்தான மாறும்? ஆழியாத்துல எந்த மில்லு இருக்குது?"

அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்தாள். "இந்த மூளைய வெச்சுத் தோட்டத்துக்கு இன்னொரு கெணறு வெட்டியிருக்கலாமுங்க."

இருட்டு விலகும்போது கிளம்பினோம். சங்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பழைய வண்டிகள் எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது என்பதால், ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் வருகிற வண்டியைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டும். பின்வண்டி கண்ணாடியில் இல்லையென்றால் நிறுத்திவிட வேண்டும். பாய் எப்போதும் கடைசி வண்டி. அவருக்கு முந்தியது நாங்கள். பெரியப்பாவும் பெரியம்மாவும் அவர்கள் மகளும் பாயின் வண்டியில் வந்தார்கள், பெரியப்பா முன்சீட்டில். ஆக, உக்கடம் தாண்டியதிலிருந்து அப்பா சங்க விதிப்படி தன் அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்ட வேண்டியிருந்தது. பெரியப்பாவும் கண்ணை எடுக்கவில்லை. அந்த இரண்டு வருஷத்தில் அவர்கள் ஒருவரையொருவர் அவ்வளவு நேரம் பார்த்தது அன்றைக்குத்தான்.

கிணத்துக்கடவில் காபிக்கு நிறுத்தினார்கள். நான் இறங்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பாய் குனிந்தார்.

"ஏன் கண்ணு மூஞ்சி சுண்டிப்போச்சு? பன்னெண்டு மணிக்கு வண்டியோட நீயும் வடக்கூட்டுக்குப் போயிருவியே, அதுக்கா?"

பின்வண்டியிலிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது. "எங்களுக்கெதுக்குங்க பாய்? அவங்கப்பனாட்டவே முழிக்குது பாருங்க."

அம்மா யாரையும் பார்க்காமல் டம்ளரிடம் சொன்னாள்: "எங்க பையன் முழிக்கவாச்சும் செய்யறான். சில ஊட்டுல தூங்கற மாதிரியே படுத்துக்கிட்டு நல்ல நெலத்தப் பூராம் வாங்கிப்போட்டாங்க."

இதில் எனக்கு விளங்கியது ஒன்றுதான். பாய் சொன்னதை யாரும் இல்லையென்று சொல்லவில்லை.

பொள்ளாச்சி வரும் வரை சாலையின் இரண்டு பக்கமும் புளியமரம். ஒவ்வொரு மரத்தையும் என் பழைய வாழ்க்கையின் கடைசி மரம் என்று பார்த்துக்கொண்டு போனேன். வடக்கு வீட்டில் விடியற்காலையில் வேப்பங்கஷாயம் உண்டு. அவர்கள் நாய்க்கு மனிதர்களில் என் கெண்டைக்காலை மட்டும்தான் தெரியும். அந்த வீட்டு அக்காள் கிள்ளுவாள். இதையெல்லாம் சமாளித்துவிடலாம். ஆனால் வடக்கு வீட்டு மகன் என்றால் தெற்கு வீட்டு ஆளைப் பகைத்தாக வேண்டுமே. எதற்கும் இருக்கட்டுமென்று அப்பாவின் பிடரியை முறைத்துப் பழகினேன். பல்லைக் கடித்து, மூக்கை விடைத்து, நன்றாகவே வந்தது.

அப்பா கண்ணாடியில் பார்த்துவிட்டார். "மூத்திரம் வருதாடா?"

அணைக்கு முன்னால் மரங்களடியில் வண்டிகளை நிறுத்தினார்கள். எங்களுக்கு வாய்த்தது சரிவான இடம். சரிவின் கீழே பெரியம்மா ஜமக்காளம் விரித்துப் பித்தளைப் போசியை நடுவில் வைத்தாள், ஊருக்கே போதுமான புளிச்சோறு. அதற்கும் கீழே பாசன வாய்க்கால் கரை புரண்டு போய்க்கொண்டிருந்தது. அம்மா தள்ளி, முதுகைக் காட்டி, தன் ஜமக்காளத்தை விரித்தாள்.

அப்பா கருங்கல்லை முன்சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"நீ உள்ளயே இரு. நான் சொல்றவரைக்கும் எறங்கப்படாது. நம்மாளு ஒருத்தரு உள்ள இருந்தா யாரும் வண்டியத் தொட முடியாது."

காந்திபுரத்தில் பஸ் சீட்டுக்கு ஜன்னல் வழியாகத் துண்டு போடுவார்களே, அப்படி என்னைப் போட்டுவிட்டுப் போகிறார்.

"பன்னெண்டு மணி ஆயிருமுங்கப்பா."

"ஆவட்டும்."

கண்ணாடியை ஏற்றி, கைப்பிடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். முன்னாலிருந்த முக்கோணக் கண்ணாடி மட்டும் கொஞ்சம் திறந்திருந்தது. அதில் என் மூக்கு மட்டும்தான் வெளியே போகும். மற்றதெல்லாம் வடக்கு வீட்டுக்குப் போகத் தயாராக வெந்துகொண்டிருந்தது.

பெரியப்பாவும் யோசிக்காமல் வந்திருக்கவில்லை. துண்டில் சுற்றி ஒரு டைம்பீஸ் கொண்டுவந்திருந்தார். மில் சங்குக்குச் சரியாக முந்தின நாளே மணியைத் திருத்தி, அலாரம் வைத்து. அது பாயின் வண்டி பானட் மேல் உட்கார்ந்து மணியடித்தது. பெரியப்பா தன் பாதி உரலைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்.

அவர்கள் ஒருவரோடொருவர் பேச மாட்டார்கள் என்பதால் பாய் நடுவில் நிற்க வேண்டியதாயிற்று.

"பாய், வடக்கூட்டுக்காரருகிட்டச் சொல்லுங்க. பேச்சு சங்குக்குத்தான். டைம்பீஸுக்கு இல்லீங்க."

"பாய், தெக்கூட்டுக்காரருகிட்டக் கேளுங்க. சங்கு ஊதலீன்னா சூரியன் உச்சிக்கு வராதுங்களா?"

"வரட்டுமுங்க. சூரியனக் கேட்டா பாகம் பிரிச்சோம்?"

"பாகத்தப் பத்தி அவரு பேசலாமுங்களா பாய்? மோட்டார் ரூம் சாவிய இன்னைக்கு வரைக்கும் தரலீங்க."

"தந்தா மோட்டாரு இருக்காதுங்க பாய்."

"ரெண்டு பேரும் நேராப் பேசிக்குங்களேன், என்ற தொண்டை காஞ்சுபோச்சு" என்றார் பாய்.

"அவருகிட்ட எனக்கென்னுங்க பேச்சு?" இதை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

மற்ற வண்டிக்காரர்கள் சாப்பாட்டுத் தட்டோடு வந்து சுற்றி நின்றுகொண்டார்கள். பாய்க்கு அவமானமாகிவிட்டது. "நான் சங்கத்துக்குத் தலைவரு. நான் சொல்றேன். மணி பன்னெண்டு. முறை மாறிருச்சு."

அப்பா முகம் கறுத்தது. "சரிங்க பாய். வண்டி அவரு பங்கு. கல்லு என்ற பங்கு."

உள்ளே நான் வடக்கு வீட்டு மகனாகிச் சிறிது நேரம் ஆகியிருந்தது. உடம்பில் வித்தியாசம் ஏதும் தெரிகிறதா என்று பார்த்தேன். வயிறு பசித்தது, அது பழைய வயிறுதான். கத்தலாமென்று வாயைத் திறந்தேன். 'அப்பா' என்று கத்தினால் சட்டப்படி இப்போது யார் வர வேண்டும் என்று தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டு கண்ணாடியை இரண்டு கையாலும் அடித்தேன்.

அப்பா சக்கரத்தருகே வந்து குனிந்தார். நிமிர்ந்தபோது கல் அவர் கையில் இருந்தது.

"வெக்கச் சொல்லுங்க பாய் அவரு கல்ல."

"மொதல்ல பெட்ரோலப் பாக்கோணுமுங்க பாய். பாக்காம எப்படிங்க வெக்கறது?"

வண்டி யோசிக்கவில்லை. காய்ந்த புளிய இலைகள் சக்கரத்தடியில் நொறுங்கும் சத்தம் முதலில் கேட்டது. பிறகு மரங்கள் பின்னால் போயின. குலுக்கலில் ஆரஞ்சுக் கை தானாக வெளியே நீண்டது, இடது பக்கம் திரும்பப்போவதாக. திரும்பவில்லை. நேராகப் பெரியம்மாவை நோக்கிப் போனது. நான் நினைத்தது அப்படியே நடக்கிறது என்று எனக்குப் பட்டது. முறை மாறிவிட்டது, வண்டி தன் புது வீட்டுக்கு என்னைக் கொண்டுபோகிறது. கண்ணை மூடிக்கொண்டு கஷாயத்தை நினைத்துக்கொண்டேன்.

பெரியம்மா கத்தவில்லை. தன் மகளைச் சடையைப் பிடித்து ஒரு பக்கம் இழுத்து எறிந்தாள். போசியைக் காலால் சக்கரத்தடிக்கு நெட்டித் தள்ளினாள். பெரிய பல் உடைகிற மாதிரி ஒரு சத்தம். வண்டி போசி மேல் ஏறி, முன்னும் பின்னும் ஆடி, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. முன்கண்ணாடி முழுக்க வாய்க்கால் தண்ணீர் தெரிந்தது.

அவள்தான் வந்து கதவைத் திறந்தாள். என் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

"இனி உங்கூட்டுக்குத்தான் வரோணுமுங்களா பெரிம்மா?"

"எங்கூட்டுச் சோறு பூராத்தையும் உங்கொப்பன் வண்டி தின்னுபோட்டுது. நீ வேற வந்து என்னத்தத் திம்ப? போ, உங்கம்மாகிட்டப் போ."

போ என்று சொன்னாளே தவிர கையை விடவில்லை. அம்மா வந்து பிரிக்க வேண்டியிருந்தது. என் முழங்கை வரைக்கும் புளிச்சோறு ஒட்டியிருந்தது.

அதற்குள் மேலே அடுத்த வழக்கு ஆரம்பித்திருந்தது. உருண்டது பன்னிரண்டு மணிக்குப் பிறகு, ஆகவே உடைந்த அச்சு அண்ணன் கணக்கு என்றார் அப்பா. நான் கல் வைக்கவே இல்லையே, ஆகவே வண்டி இன்னும் தம்பியுடையது என்றார் பெரியப்பா. இரண்டையும் பாய்தான் கேட்டுக்கொண்டிருந்தார். வண்டியை யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை.

அதனால் இரண்டு குடும்பமும் ஒரே பஸ்ஸில் திரும்பினோம். எங்களுக்கு முன்பக்கம், அவர்களுக்குப் பின்பக்கம். அப்பா மடியில் கருங்கல். பெரியப்பா மடியில் பாதி உரல். பெரியம்மா நசுங்கிய போசியைக் காலடியில் வைத்திருந்தாள். கண்டக்டர் இரண்டு கல்லையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எந்தக் கோயிலுக்குங்க?" என்று கேட்டார். பக்கத்துச் சீட்டு அம்மாள் எதற்கும் இருக்கட்டுமென்று அப்பாவின் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

வண்டியைப் பிறகு பாய் கட்டி இழுத்துவந்து தன் கிடங்கில் விட்டார். ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை. அது கடைசியில் என்ன ஆனதென்று எனக்குத் தெரியாது. கண்ணாடி ஏற்றும் கைப்பிடி மட்டும் வெகுநாள் அப்பாவின் பீரோவில் கிடந்தது, ஒரு பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது அதுவும் போய்விட்டது.

எங்கள் குடும்பத்தில் இந்தக் கதையை இரண்டு வீட்டிலும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள், அந்த ஒரு விஷயத்தில் ஒற்றுமை. 'பையன் உள்ள இருந்ததே யாருக்கும் தெரியாது' என்று. வளர்ந்த பிறகு நானும் அதையே நம்பினேன். பெரியப்பாவின் மகனாகிவிடுவேன் என்று நம்பியதைவிட இது பெரிய முட்டாள்தனம். என்னை உள்ளே போட்டதே அப்பா. நான் அடித்தது சாதாரணக் கண்ணாடி, சத்தம் கேட்கும்.

இரண்டு பேருக்கும் வயதாகிவிட்டது. இன்னும் பேசிக்கொள்வதில்லை. இந்தப் பொங்கலுக்குத் தனித்தனியாகக் கேட்டேன். அப்பா டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, "அவரு வெச்சிருவாருன்னு நெனச்சேன்" என்றார். சுவருக்கு அந்தப் பக்கம் பெரியப்பா, "அவன் எடுக்க மாட்டான்னு நெனச்சேன் கண்ணு" என்றார். ஒருவரை ஒருவர் நம்பியிருக்கிறார்கள் பாருங்கள். நம் காலத்து அன்பு.

நடந்தது இவ்வளவுதான். அப்பா குனிவதற்கு முன் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார், பார்த்துவிட்டுக் கல்லை எடுத்தார். பெரியப்பாவும் என்னைப் பார்த்தார். அவர் கல்லை வைக்கவில்லை.